விலை தெரியும், ஊர் தெரியாது

நமது புலம்பெயர் எழுத்தில் பனி தாராளமாகக் கொட்டிக் கிடக்கிறது. அகதி முகாமின் இரும்புக் கட்டில் வந்துவிட்டது. உணவகச் சமையலறையில் கோப்பை கழுவும் தொட்டியும், விசா அலுவலக வாசலில் விடியமுன்னம் நிற்கும் வரிசையும் வந்துவிட்டன. பொ. கருணாகரமூர்த்தியின் 'பெர்லின் இரவுகள்' ஒரு ரக்சி ஓட்டுநரின் இருக்கையிலிருந்து அந்த நகரத்தைக் காட்டியது. 1988 இல் ஹேர்னே நகரில் இலக்கியச் சந்திப்புத் தொடங்கிய காலத்தை ஒட்டியே ஜேர்மனிக்கு வந்தவன் என்பதால், இந்த எழுத்தின் பெரும்பகுதியை அச்சு மை காயமுன்னம் வாசித்திருக்கிறேன். ஆனால் நமது குடும்பங்கள் சனிக்கிழமைதோறும் போய்வந்த ஓரிடம் இதில் ஏறக்குறைய இல்லை. அது பெருங்கடை. கூரைக்குக் கீழே ஒரு நகரமாக விரிந்து கிடக்கும் விற்பனை மையமும், அதன் ஒன்றுவிட்ட தம்பியான அவுட்லெற்றும்.

இது எழுதுபொருள் பற்றாக்குறை என்று நான் நினைக்கவில்லை. எதை இலக்கியத்துக்குத் தகுந்த இடமாக நாம் மதிக்கிறோம் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. துயரம் நடந்த இடம் தகுதியானது, மலிவு விலையில் சப்பாத்து வாங்கிய இடம் தகுதியற்றது என்று ஒரு கணக்கு நம்மிடம் உண்டு. பிரான்சில் அன்னி எர்னோ இந்தக் கணக்கை உடைத்தார். 2012 நவம்பர் முதல் ஏறக்குறைய ஓராண்டு, தன் ஊரான செர்ஜியில் இருக்கும் ஒரு பேரங்காடிக்குப் போய்வந்ததை நாட்குறிப்பாக எழுதி 2014 இல் நூலாக்கினார். யார் எந்தத் தட்டின் முன்னால் தயங்குகிறார்கள், யார் எந்த நேரத்தில் வருகிறார்கள், காசாளரிடம் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அதில் சமூக வரலாறாக மாறுகின்றன. அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்திற்குள்தான், 2013 ஏப்ரல் 24 அன்று, டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் செத்தார்கள். கடையைப் பற்றி எழுதுவது சில்லறை விடயம் என்பவர்களுக்கு அந்தத் திகதி ஒன்றே போதும்.

*

ஜேர்மனியில் கூரைக்குக் கீழ் விற்பனை நகரம் என்றால் எனக்கு முதலில் ஒபர்ஹவுசன்தான். றூர் பிரதேசத்தில் வாழ்ந்த எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் அதையே சொல்லும். 1996 செப்ரெம்பரில் திறக்கப்பட்ட 'சென்ற்றோ' நிற்கும் நிலம் முன்னர் குட்டஹொஃப்நுங்ஸ்ஹுற்ற என்ற பேராலையின் நிலம். 'நன்னம்பிக்கை இரும்பாலை' என்று அதைத் தமிழாக்கலாம். அந்த நம்பிக்கை அணைந்த இடத்தில் 'புதிய மையம்' என்று பெயர் வைத்து இரண்டு மாடிக் கண்ணாடிக் கூரையை எழுப்பினார்கள். பெயர் வைத்ததிலேயே ஒரு வன்முறை இருக்கிறது. ஓரிடத்தைப் புதிய மையம் என்றால் இன்னோரிடம் பழைய மையம் ஆகிவிடும். பழைய ஒபர்ஹவுசனின் மார்க்ட் வீதியில் நடந்து பார்த்தவர்களுக்கு, வெறுமையாகிப்போன காட்சிக் கண்ணாடிகள் அதைச் சொல்லும்.

பக்கத்திலேயே 117 மீற்றர் உயரத்தில் பழைய வாயுக் கொள்கலன், கசோமீற்றர், நிற்கிறது. 1929 இல் கட்டி முடிக்கப்பட்டு 1988 வரை வேலை செய்தது. இப்போது அது கண்காட்சிக் கூடம். 1999 இல் கிறிஸ்ரோவும் ஜான்-குளோடும் 13,000 எண்ணெய்ப் பீப்பாய்களால் அதற்குள் ஒரு சுவரை எழுப்பினார்கள். இரும்பு செத்த இடத்தில் ஒரு பக்கம் கலை, மறுபக்கம் கடை. நமது ஆட்கள் கடைப்பக்கம்தான் போனார்கள் என்று ஏளனமாகச் சொல்வது சுலபம். கலைக்கூடத்துக்கு நுழைவுச்சீட்டு வேண்டும். அதைவிட, அங்கே எப்படி நிற்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்ற பழக்கமும் வேண்டும். கடைக்கு இரண்டும் தேவையில்லை. குளிர் இல்லை, மழை இல்லை, எதையும் வாங்காமலே நாலு மணித்தியாலம் நடக்கலாம், பிள்ளைகள் ஓடலாம், யாரும் பத்திரம் கேட்கமாட்டார்கள். ஒவ்வோர் அலுவலக வாசலிலும் பத்திரம் நீட்டிப் பழகிய ஒரு தலைமுறைக்கு, கேள்வி கேட்காத கூரை என்பது சின்ன விடயம் அல்ல.

இந்தக் கூரையைக் கண்டுபிடித்தவரும் ஓர் அகதிதான் என்பதை நம்மவர்கள் அதிகம் அறியமாட்டார்கள். 1903 இல் வியன்னாவில் பிறந்த யூதரான விக்ரர் குறூவன் கட்டடக் கலைஞர். அரசியல் நையாண்டி மேடைகளிலும் நடித்தவர். 1938 இல் நாசிகள் ஒஸ்ரியாவைப் பிடித்தபோது அமெரிக்காவுக்குத் தப்பினார். 1956 இல் மினசோற்றா மாநிலத்தில் அவர் கட்டிய சவுத்டேல், முழுக்க மூடப்பட்டு உள்வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட முதலாவது விற்பனை மையம் என்று வரலாற்றில் இடம்பெற்றது. அவர் மனதில் இருந்தது கடை மட்டும் அல்ல. கார்களுக்குள்ளேயே வாழ்ந்த அமெரிக்கப் புறநகரத்தவருக்கு, தான் இழந்த வியன்னாவைப் போல, காலாற நடந்து நாலுபேரைக் காணும் ஒரு நகர மையத்தைத் தர நினைத்தார். நூலகம், மருத்துவர், பூங்கா எல்லாம் கூட வரவேண்டும் என்பது அவர் திட்டம். கட்டியவர்கள் கடையை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். 1968 இல் வியன்னாவுக்குத் திரும்பியவருக்கு, சில ஆண்டுகளிலேயே அந்த நகரின் ஓரத்தில் அதே மாதிரி ஒரு பேரங்காடி எழுந்ததைக் காண நேர்ந்தது. சாகுமுன்னர் தன் பெயரில் உலகெங்கும் பெருகிய மையங்களைத் தன் பிள்ளைகள் அல்ல என்று பகிரங்கமாகவே மறுத்தார்.

ஊரை இழந்தவன் ஊரின் நினைவில் ஒன்றைக் கட்டுகிறான். கட்டியது வேறொன்றாய் மாறி நிற்கிறது. கோயில் கட்டியவர்களும் சங்கம் தொடங்கியவர்களும் தமிழ்ப் பாடசாலை நடத்தியவர்களும் இந்தக் கதையை நின்று கேட்கவேண்டும்.

*

அவுட்லெற்றின் அழகியல் வேறு. ஜேர்மனியின் பெரிய அவுட்லெற்றுகளில் பல கூரையைக் கைவிட்டுக் கிராம வேடம் போட்டுக்கொண்டன. பிராங்பேர்ட்டிலிருந்து போகக்கூடிய வேர்ட்ஹைம் 2003 இலும், மியூனிக் பக்கமுள்ள இங்கோல்ஸ்ரட் 2005 இலும் திறந்தன. இரண்டின் பெயரிலும் 'கிராமம்' என்ற ஆங்கிலச் சொல் ஒட்டியிருக்கிறது. குடியிருப்பவர் யாரும் இல்லாத கிராமம், இரவில் விளக்கணைத்துப் பூட்டிவிடும் கிராமம். 2001 இல் திறந்த ஸ்வைபுறூக்கன் அவுட்லெற் இருப்பது கனடியரும் பின்னர் அமெரிக்கரும் வைத்திருந்த பழைய விமானப்படைத் தளத்தின் பக்கத்தில். குண்டுவிமானச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய ஓர் ஆள், பழைய வான்படை ஓடுபாதைக்கு அருகில் மலிவு விலையில் காற்சட்டை தேடுவது ஒரு சிறுகதை. அதை யாரும் எழுதவில்லை.

இவற்றுள் மெற்சிங்கன் தனி ரகம். ஸ்ருற்காற்றுக்குத் தெற்கே, சுமார் 22,000 பேர் வாழும் ஊர். துணி, தோல் தொழில்கள் நடந்த ஊர், திராட்சை பிழியும் பழைய கூடங்களை இன்னமும் வைத்திருக்கும் ஊர். இங்கே கிராம வேடம் தேவைப்படவில்லை, ஊரே அவுட்லெற் ஆகிவிட்டது. ஆலை வாசலில் மிச்சத் துணியும் பழுதான சேர்ட்டும் விற்ற வழக்கத்திலிருந்து வளர்ந்ததால் இதற்கு ஒரு வரலாற்று நியாயம் உண்டு. அந்த வரலாறு முழுவதும் சொல்லப்பட வேண்டும். 1924 இல் ஹூகோ பொஸ் இங்கே தொடங்கிய தையல் ஆலை நாசிகளுக்குச் சீருடை தைத்தது. போர்க்காலத்தில் அங்கே ஏறத்தாழ 140 கட்டாயத் தொழிலாளர்களும் 40 பிரெஞ்சுப் போர்க்கைதிகளும் வேலை வாங்கப்பட்டார்கள். கட்டாயத் தொழிலாளர்களுள் பெரும்பாலானோர் பெண்கள். நிறுவனமே கேட்டு எழுதுவித்த வரலாற்றாய்வு 2011 இல் வெளிவந்தபோது அது வருத்தமும் தெரிவித்தது. ஜேர்மனியரிடம் நான் மதிக்கும் பழக்கம் இது: துணிக்குப் பின்னால் இருந்த கையைத் தேடி எண்ணி எழுதிவைப்பது. ஆனால் அந்தக் கை எண்பது வருடத்துக்கு முந்தையது. இன்றைய கையை எண்ணுவது இன்னும் கடினமாகவே இருக்கிறது.

*

அவுட்லெற் நமக்குச் சொல்லும் கதை விலைச்சீட்டில் இருக்கிறது. மேலே ஓர் எண், அதற்குக் குறுக்கே ஒரு கோடு, கீழே இன்னோர் எண். மேலுள்ள எண் பெரும்பாலும் உற்பத்தியாளர் 'பரிந்துரைக்கும்' விலை. யாரையும் கட்டுப்படுத்தாத விலை. அந்த விலைக்கு அந்தச் சேர்ட்டை எவராவது எங்காவது வாங்கினாரா என்று சீட்டுச் சொல்லாது. அவுட்லெற்றுக்கென்றே தனியாகத் தைக்கப்படும் உடுப்புகளும் உண்டு. அவை வேறெந்தக் கடையிலும் தொங்கியதேயில்லை. அடித்துக் காட்டுவதற்காகவே எழுதப்படும் எண் ஒரு புனைவு. நல்ல புனைவுக்குரிய எல்லாம் அதில் இருக்கிறது: ஓர் இறந்தகாலம், ஒரு வீழ்ச்சி, அதில் நமக்குக் கிடைக்கும் அதிர்ஷ்டம்.

இந்த நாட்டில் இந்தப் புனைவுக்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. 1933 இல் வந்த கழிவுச் சட்டம், காசு கொடுத்து வாங்குபவருக்கு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் கழிவு கொடுப்பதைத் தடுத்தது. 2001 வரை அது அமுலில் இருந்தது. நாம் வந்த காலத்தில் கோடையிலும் மாரியிலும் நடந்த பருவமுடிவு விற்பனைக்கு ஜேர்மன் கிழவிகள் கதவு திறக்கமுன்னம் வரிசையில் நின்றதன் காரணம் அதுதான். பேரம் பேசி வளர்ந்த நாம் விலை பேசமுடியாத ஒரு நாட்டுக்கு வந்திருந்தோம். யாழ்ப்பாணச் சந்தையில் கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபா குறைத்துக் கேட்பது ஓர் உரையாடல். அதற்கு முகம் வேண்டும், நாக்கு வேண்டும், போவதுபோல் நடந்து திரும்பிப் பார்க்கத் தெரியவேண்டும். அவுட்லெற் அந்த உரையாடலின் வெற்றியை மட்டும் அச்சடித்துத் தருகிறது. மொழி தெரியாதவனும் பேரத்தில் வெல்லலாம். மொழி தெரியாதவர்களாய் நாம் வாழ்ந்த ஆண்டுகளில் அந்தக் கோடு நமக்குத் தந்த ஆறுதலைக் குறைத்து மதிக்க எனக்கு மனமில்லை. 2022 மே 28 முதல், விலை குறைப்பை அறிவிக்கும் கடை கடந்த 30 நாட்களில் தான் வாங்கிய மிகக் குறைந்த விலையையும் சொல்லவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பரிந்துரை விலை என்ற புனைவை அந்த விதி எட்டவில்லை.

*

விலைச்சீட்டை விட்டுக் கழுத்துப்பட்டியின் உட்புறத்துக்குப் போவோம். ஒரு தடவை மெற்சிங்கனில், மகள் உடுப்பு மாற்றும் அறைக்குள் நின்ற நேரத்தில், பொழுதுபோகாமல் ஒரே தாங்கியில் தொங்கிய சேர்ட்டுகளின் லேபல்களைத் திருப்பிப் பார்த்தேன். துருக்கி, போர்த்துக்கல், வியட்நாம், பங்களாதேஷ், இந்தியா. ஆறாவதில் இலங்கை. அறையிலிருந்து வந்த மகள் "என்னப்பா, சைஸ் பாக்கிறியளோ?" என்றாள். "ஊர் பாக்கிறன்" என்றேன். சிரித்தாள்.

ஊர் பார்ப்பது தமிழில் பழைய வேலை. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தின் வீதியில் குவிந்த பண்டங்களை வரிசைப்படுத்தும்போது ஒவ்வொன்றுக்கும் அது வந்த திசையைச் சொல்கிறார். கடல்வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, வடமலைப் பொன், மேற்குமலைச் சந்தனம், தென்கடல் முத்து, கங்கைப் பொருள், காவிரிப் பயன், ஈழத்திலிருந்து வந்த உணவு, காழகத்திலிருந்து வந்த ஆக்கம். துறைமுகத்தில் மூட்டைக்கு மூட்டை சோழனின் புலிப்பொறி குத்தப்படுகிறது, சுங்க முத்திரை. வணிகரைப் புகழும்போது, கூட வாங்காமலும் குறையக் கொடுக்காமலும் இருக்கும் அவர்களது நேர்மையைப் புகழ்கிறார். அரசனின் பெருமை பாட வந்த பாட்டு அது, உழைப்பவனின் பாட்டு அல்ல. மிளகு பறித்த கை அதிலும் இல்லை. ஆனாலும் பண்டத்துக்கு ஊர் உண்டு. ஊர் சொல்லாமல் பண்டத்தைப் பாடமுடியாது என்பது அந்தக் கவிதையின் இலக்கணம். அவுட்லெற்றின் இலக்கணம் நேரெதிர்: பெயர்ப்பலகையில் மிலானோ, பாரிஸ், நியூயோர்க்; தைத்த ஊர் தையலுக்குள்.

அந்த ஆறாவது லேபலுக்குள் இருப்பது நமது சமகால வரலாறு. 1978 இல் கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. கிராமத்துச் சிங்களப் பெண்கள் அங்கே விடுதி அறைகளில் நெருங்கி வாழ்ந்து மெசினில் இருந்தார்கள். போர் முடிந்தபின் ஆடைத் தொழிற்சாலை வடக்குக்கும் வந்தது. கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனம் திறந்த ஆலைகளின் பெயர்கள் 'விடியல்', 'வானவில்'. எண்பதுகளின் ஈழத்துக் கவிதையை வாசித்த எவருக்கும் இந்த இரண்டு சொற்களும் தெரியும். எத்தனை கவிஞர்கள் எத்தனை தொகுப்புகளில் 'விடியல்' என்று எழுதினார்கள்! அந்தச் சொல் கடைசியில் ஓர் உள்ளாடை ஆலையின் வாசலில் நிற்கிறது. இதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. கணவனை இழந்த பெண்ணுக்கு மாதச் சம்பளம் என்பது உண்மையான விடிவாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு சொல் கவிதைப் புத்தகத்திலிருந்து தொழிற்சாலைக் கதவுக்குப் போன தூரத்தை அளப்பது விமர்சனத்தின் வேலை.

இன்னொன்றும் அந்த லேபலில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் இலங்கைக்குத் தந்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை, மனித உரிமை உடன்படிக்கைகள் நடைமுறைப்படுத்தப்படவில்லை என்று சொல்லி 2010 ஓகஸ்ரில் நிறுத்தியது. 2017 மேயில் திருப்பிக் கொடுத்தது. அந்த ஏழு ஆண்டுகள், முள்ளிவாய்க்காலுக்கு ஐரோப்பா கொடுத்த பதிலின் ஒரு பகுதி துணியின் சுங்கவரியாக இருந்தது. தெருக்களில் நாம் பதாகை பிடித்தோம். வரி கூடியதன் பாரமோ முதலில் மெசினில் இருந்த பெண்களின் தோளில் இறங்கக்கூடியது. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குச் சுலபமான வழி தெரியவில்லை. இப்படியான முடிச்சுக்குத்தான் நாவல் என்ற வடிவம் இருக்கிறது.

பிறகு அந்தச் சேர்ட் ஊருக்குப் போகிறது. ஆடி மாத விடுமுறைக்கு முப்பது கிலோ சூட்கேஸ் நிறைய அவுட்லெற் உடுப்பு. சித்தப்பாவுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு ஒன்று. கட்டுநாயக்கா வலயத்தின் மெசினில் பிறந்து கப்பலில் வந்த சேர்ட் விமானத்தில் அதே கட்டுநாயக்காவில் இறங்கி, யாழ்ப்பாணம் போய், 'ஜேர்மன் சேர்ட்' ஆகிவிடுகிறது. வாங்கியவர் உள்ளே பார்ப்பதில்லை, கொடுத்தவர் சொல்வதில்லை. நமது பெருமையின் பொருளாதாரம் முழுவதும் அந்த இரண்டு விரற்கடைத் துணியில் இருக்கிறது.

*

தமிழில் கடையைப் பற்றிய வலுவான படைப்பு என்று உடனே நினைவுக்கு வருவது வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'. 2010 இல் வந்தது. தி. நகர் ரங்கநாதன் தெருவின் பெரிய துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலைசெய்யும் தென்மாவட்டத்துப் பிள்ளைகளின் கதை. அந்த நிற்றல் ஒரு குறியீடு மட்டும் அல்ல. 2021 இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தவேண்டி இருந்தது. விற்பவரின் காலைக் காட்டிய முக்கியமான படம் அது. ஆனால் அதன் காமிரா கடை வாசலைத் தாண்டித் துணியின் பின்னால் போகவில்லை. திருப்பூரின் பின்னலாலைகளும், மூன்று வருட வேலைக்குப் பின் கல்யாணச் செலவுக்குப் பணம் என்று சொல்லிப் பெண்களைச் சேர்த்த 'சுமங்கலி' நூற்பாலைகளும் அதன் சட்டகத்துக்கு வெளியே. விற்பவர், வாங்குபவர், தைப்பவர் ஆகிய மூவரையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவர அந்த இயக்குநருக்கு வாய்ப்பு இருக்கவில்லை.

நமக்கு இருக்கிறது. புலம்பெயர் தமிழர் இந்த மூன்று இடத்திலும் சொந்தக்காரர் வைத்திருப்பவர்கள். வாங்குவது நாம். வார இறுதியில் அதே கடையில் மடிப்புக் கலையாமல் சேர்ட் அடுக்குவது நமது பிள்ளைகள், படிப்புச் செலவுக்கு. தைப்பது ஒன்றுவிட்ட சகோதரியாக இருக்கலாம். வேறெந்த எழுத்தாளருக்கும் கள ஆய்வு தேவைப்படும் இடத்தில் நமக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியிலிருந்து பெரிய நிறுவனங்களிடம், உங்கள் பொருள் எங்கே எந்த நிலையில் செய்யப்படுகிறது என்று பாருங்கள் என்கிறது. சட்டம் கேட்கத் தொடங்கிய கேள்வியை இலக்கியம் கேட்காமல் இருப்பது நமக்கு அழகல்ல.

குற்றவுணர்ச்சிக் கதைகள் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சேர்ட்டைத் தொட்டதும் இரத்தம் வடிவதாக எழுதப்படும் கதைகளை இந்த இதழின் வாசகர் நிறையவே பார்த்திருக்கிறார்கள். அவை வாசகரை அழவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடும். அந்தச் சனிக்கிழமைகளில் மகிழ்ச்சியும் இருந்தது. போத்தலில் தேத்தண்ணி, பிளாஸ்ரிக் பெட்டியில் றோல்ஸ், எதையும் வாங்காத அப்பா, எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் அம்மா, பெற்றோரிடமிருந்து பத்தடி தள்ளி நடக்கும் பதின்மூன்று வயதுப் பெண். முதல் காதல் கடிதம் கைமாறியது எந்தத் தூணுக்குப் பின்னால் என்று இரண்டாம் தலைமுறைக்குத் தெரியும். இந்த மகிழ்ச்சியை மறைத்து எழுதினால் அந்த லேபலும் பொய்யாகிவிடும். இரண்டும் ஒரே துணியில் தைக்கப்பட்டவை.

தமிழில் எழுதினாலும் ஜேர்மன் மொழியில் எழுதினாலும் இளையவர்களிடம் நான் கேட்பது சிறியது. அடுத்த கதையில் ஒரு பாத்திரம் உடுப்பு வாங்கட்டும். எவ்வளவுக்கு வாங்கினாள் என்று எழுதுங்கள், மேலே அடிக்கப்பட்டிருந்த எண்ணையும் எழுதுங்கள். பிறகு அதன் ஊரையும் எழுதுங்கள்.